பழைய ஸ்டோரை நூறு பேர் இருக்கும் அரங்காக மாற்றுவது: சீமெந்து மேடை தேவையா?

மனையாவெளி_மன்றம்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகருக்குள் ஒரு பழைய சாமான் ஸ்டோர் எங்கள் கலை மன்றத்துக்கு நீண்டகால வாடகைக்குக் கிடைக்கவிருக்கிறது. நாடகம், கூத்து, சிறுவர் அரங்கு, நூல் வெளியீடு, மாதம் ஒரு திரைப்படம் என்று எல்லாவற்றுக்கும் உதவும் ஒரு சின்ன அரங்காக அதை மாற்ற நினைக்கிறோம். எந்தத் திணைக்களத்தையும் சாராமல் ஊர் ஆக்களே நடத்தும் இடமாக அது இருக்க வேண்டும்.

உள்ளளவு 70 அடி நீளம், 40 அடி அகலம். சுவர் 14 அடி, முகடு 22 அடி. நடுவில் தூண் இல்லை. இரும்புச் சட்டகத்தின் மேல் அஸ்பெஸ்டஸ் கூரை. வீதிப்பக்க முனையில் மட்டும் சீற் உடைந்த இடத்துக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள். சீமெந்துத் தரை நல்ல மட்டம். முன்னுக்கு 10 அடி உருட்டுக் கதவு, பின்னுக்கு ஒரு சின்னக் கதவு. மின்சாரம் ஒற்றைக் கட்டம், 30 அம்பியர்.

பின்சுவரோடு 3 அடி உயரத்தில் சீமெந்து மேடை கட்டி, கீழே பிளாஸ்ரிக் கதிரை போட்டு, 500 வாற்று ஹலஜன் லைற் 12, பெரிய ஸ்பீக்கர் இரண்டு, மேடை விளிம்பில் மைக் என்பதுதான் இப்போதைய திட்டம். மேசன் அடுத்த மாதம் தொடங்கத் தயாராக இருக்கிறார். மேடை, மழைச் சத்தம், கரண்ட், அனுமதி இந்த நாலிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

களரிக்கட்டு:

தம்பி, முதலில் மேசனை நிற்பாட்டுங்கோ. மற்ற எதையும் பிறகு மாற்றலாம். ஊற்றிய சீமெந்தை மாற்ற முடியாது.

கதிரையில் இருப்பவரின் கண் நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 அடி 10 அங்குலம். மேடை 3 அடி என்றால் முன்வரிசைக்காரர் மேடைத் தளத்தை வெறும் 10 அங்குல உயரத்தில் இருந்து பார்க்கிறார். பாயில் இருக்கும் பிள்ளையின் கண் 2½ அடிதான், அந்தப் பிள்ளைக்குத் தளமே தெரியாது. பேச்சு நாடகத்தில் இதைச் சமாளிக்கலாம். வடமோடிக் கூத்துக்கு முடியாது. பாத்திரம் களத்துக்குள் வரும்போது வரவுத் தாளத்துக்கு மிதிக்கிற மிதியும் ‘எட்டு’ என்ற ஆட்டத்துக்குப் போடுகிற காலும் தெரியாவிட்டால் கூத்தில் பாதி போய்விடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடியது ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. களரிக்குள் நின்ற அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) மத்தளமும் மேடை ஓரத்துக்குப் போனார்கள். கூத்தை நகரத்துப் பார்வையாளருக்குக் கொண்டுவந்த பெரிய வேலை அது. அன்று மண்டபம் அப்படி இருந்தது, அதனால் அப்படிச் செய்ய வேண்டி வந்தது. உங்களிடம் 40 அடி அகல வெறுந்தரை இருக்கிறது. படச்சட்டமும் வைக்கலாம், சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரியும் வைக்கலாம். அந்த வசதியை விலைக்கு வாங்க முடியாது, தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.

ஆடுகளத்தை நிலத்திலேயே விட்டுப் பார்வையாளரை உயர்த்துங்கோ. 8 × 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை வெட்டாமல் அப்படியே மேலே வைத்து, கீழே பெட்டி இரும்பில் சட்டம் அடித்துத் தனித்தனித் தளங்களாகச் செய்விக்கலாம். பலகை 18 மி.மீ., சட்டம் 1½ அங்குலப் பெட்டி இரும்பு, சுவர்த்தடிப்பு 2 மி.மீ., குறுக்குச் சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று, கால் ஆறு, கால்களுக்கிடையில் மூலைவிட்டக் கம்பி. ஆக்கள் கூடும் இடத்துத் தளம் சதுர மீற்றருக்கு 500 கிலோ தாங்க வேண்டும் என்பது கட்டடக்காரர் வைத்திருக்கும் கணக்கு. ஒரு தளம் கிட்டத்தட்ட 3 சதுர மீற்றர், ஆகவே ஒன்றரைத் தொன். வெல்டிங்காரருக்கு இதைச் சொல்லிச் செய்வியுங்கோ. மூலைவிட்டக் கம்பியை மிச்சம் பிடித்தால் தளம் நெரியாது, பக்கவாட்டில் சரியும். ஆக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பும்போதுதான் அது நடக்கும்.

1, 2, 3, 4 அடி உயரங்களில் ஒவ்வொன்றிலும் நாலு தளம், மொத்தம் 16. மண்டபத்தின் அகலம் 40 அடியில் இரு பக்கமும் 4 அடி வழி விட்டால் மிச்சம் 32 அடி, அதாவது சரியாக நாலு தளம். கதிரைக்கு 22 அங்குலம் என்றால் வரிசைக்கு 17 கதிரை. முன்னுக்குப் பாய், அதன் பின் தரையில் ஒரு வரிசை, பிறகு தளங்களில் நாலு வரிசை. 85 கதிரையும் பாயில் இருபது பிள்ளைகளும். ஒரு வரிசைக்கு மற்ற வரிசையை அரைக் கதிரை தள்ளி வையுங்கோ. அப்படித் தள்ளாவிட்டால் 1 அடி உயர்த்தியும் முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். வழியில் 1 அடிப் படி ஏற முதியவர்களுக்குக் கஷ்டம், இடையில் 6 அங்குலப் பெட்டி ஒன்று வேண்டும். 4 அடித் தளத்தின் பின்னாலும் எல்லாத் தளங்களின் பக்கத்திலும் 3½ அடி உயரக் கைபிடி கட்டாயம். கதிரைகளை நாலு நாலாகக் காலில் கேபிள் ரையால் கட்டிவிடுங்கோ. அவசரத்தில் ஓடும்போது தனிக் கதிரை கவிழ்ந்து வழியை அடைக்கும்.

இருக்கை 22 அடி, இடைவெளி 4, ஆடுகளம் 24, பின்னால் திரையும் ஒப்பனையும் 10, முன்வாசலில் ரிக்கற்றும் செருப்பும் 10. எழுபது அடி முடிந்தது.

வட்டக்களரி போடும் நாளில் 1 அடி, 2 அடித் தளங்களைப் பிரித்து நாலு பக்கமும் வைத்து நடுவில் 24 அடி வட்டம் எடுக்கலாம். நாலு மூலையும் திறந்திருக்கட்டும், வரவும் அதால்தான், அவசர வழியும் அதால்தான். அகன்று விரிந்து நிற்கும் கூத்து உடையான கரப்புடுப்பு கட்டியவர் சாதாரணக் கதவால் நேராக வரமாட்டார். ஒப்பனை அறைக் கதவை 4½ அடி அகலமாக, கிரீடத்துக்கும் இடம் விட்டு 7½ அடி உயரமாக எடுங்கோ. இதை இப்போது செய்தால் செங்கல் வேலை மட்டும், பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும்.

ஒளிப்பெட்டி:

களரி அண்ணா சொன்னதோடு முழுக்க உடன்பாடு. நான் கரண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

30 அம்பியர் × 230 வோல்ற் = 6.9 கிலோவாற்று. 500 வாற்று ஹலஜன் 12 எரித்தால் 6 கிலோவாற்று, அதாவது 26 அம்பியர். மிச்சம் நாலு அம்பியரில் விசிறி, சவுண்ட், ப்ரொஜெக்டர் எல்லாம் ஓட வேண்டும், உச்சக் காட்சியில் ட்ரிப் அடிக்கும். அதோடு அந்த 6 கிலோவாற்றும் வெப்பமாகத்தான் முடிகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய மண்டபத்துக்குள் நடிகருக்கும் பார்ப்பவருக்கும் அது கொடுமை. எல்.ஈ.டி வாங்குங்கோ. 100 வாற்று எல்.ஈ.டி 16 எரித்தாலும் 1.6 கிலோவாற்றுத்தான். மூன்று கட்ட இணைப்புக்கு அலைய வேண்டாம்.

ஆனால் கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் சிவப்பு, பச்சை, நீலம் கலக்கும் மலிவு லைற்றை முகத்துக்கு அடிக்காதீர்கள். அந்த மூன்றையும் கலந்து வரும் வெள்ளையில் மஞ்சள், செம்மஞ்சள் அலைகள் குறைவு. எங்கள் ஆக்களின் தோல் அதில் சாம்பல் பூத்துத் தெரியும், அரிதாரம் இன்னும் மோசம். முகத்துக்கு 3,000 அல்லது 3,200 கெல்வின் சூடான வெள்ளை மட்டும். வண்ண லைற் நாலு போதும், பின்னால் இருந்து அடிக்க. கடையில் வாங்கும்போது ஒளியை மெதுவாக 10 வீதத்துக்குக் குறைத்துப் பாருங்கோ. படிப்படியாகத் துள்ளி இறங்கினால் அந்த லைற் வேண்டாம், காட்சி முடிவில் அது துள்ளுவது அப்படியே தெரியும்.

ஆடுகளம் 30 × 24 அடி என்று வையுங்கோ. அதை 10 × 12 அடியில் ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அது 12. பின்னொளி 4. லைற் தொங்கும் குழாய் 13 அடியில் இருந்தால், நிற்பவரின் முகம் 5½ அடியில், வித்தியாசம் 7½ அடி. ஆகவே 45 பாகை கிடைக்க, லைற் அந்தப் பகுதிக்கு 7 முதல் 8 அடி முன்னால் இருக்க வேண்டும். கிட்ட வைத்தால் கண்குழி கறுக்கும், தூர வைத்தால் பின்திரையில் நிழல் விழும். லைற்றில் இருந்து முகத்துக்குச் சாய்வுத் தூரம் ஏறக்குறைய 11 அடி. 25 பாகை லைற் அந்தத் தூரத்தில் 5 அடி வட்டம்தான் போடும், உங்களுக்கு வேண்டியது 10 அடி. ஆகவே 45 முதல் 50 பாகை வரை விரியும் லைற் வாங்குங்கோ, அல்லது முன்னால் பரவல் தாள் ஒட்டுங்கோ.

குழாய் வாங்கும்போது கவனம். ஹாட்வெயாரில் ஒன்றரை அங்குல ஜீ.ஐ. குழாய் என்று கேளுங்கோ, அதன் வெளிவிட்டம் 48 மி.மீ., லைற் கிளாம்ப் அதற்குத்தான் செய்தது. இரண்டங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60 மி.மீ., கிளாம்ப் பூட்டாது. குழாயை அஸ்பெஸ்டஸ் சீற்றிலோ அதைத் தாங்கும் சட்டத்திலோ தொங்கவிடக் கூடாது. தரையில் போல்ற் அடித்த இரும்புக் கால்களில் தனியாக நிற்கட்டும். ஒவ்வொரு லைற்றுக்கும் கிளாம்பைத் தவிர ஒரு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும்.

வயரிங்: லைற்றுக்கும் சவுண்டுக்கும் வேறு வேறு சுற்று. ஒவ்வொரு சுற்றும் 7/0.67 வயர், 16 அம்பியர் பிரேக்கர், முன்னால், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி அம்பியர் ஆர்.சி.சி.பி. லைற்றைக் கட்டுப்படுத்தும் டி.எம்.எக்ஸ் வயரை ஒரு லைற்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகக் கொண்டுபோங்கோ, நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. கடைசி லைற்றில் 120 ஓம் முடிப்பான் போடுங்கோ. அது இல்லாவிட்டால், அல்லது மைக் வயரை டி.எம்.எக்ஸுக்குப் பாவித்தால், லைற் தன்பாட்டில் சிமிட்டும். பழுது லைற்றில் என்று நினைத்து ஆக்கள் லைற்றை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

விசிறி: லைற்றின் கதிர் சீலிங் விசிறியின் இறக்கையைக் கடந்தால் மேடை முழுக்கத் துடிக்கும். விசிறியைப் பார்வையாளர் பக்கச் சுவரில் மட்டும் பூட்டுங்கோ.

வட்டக்களரிக்குக் கிடை லைற் சரிவராது, எதிர்ப்பக்கத்தாரின் கண்ணில் அடிக்கும். நாலு மூலையிலும் 60 பாகைக்கு மேல் செங்குத்தாக வையுங்கோ.

உப்புவெளி_ஒலி:

கூரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அதில் தொடங்குகிறேன்.

பழைய அஸ்பெஸ்டஸில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள், உலர்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது, பிள்ளைகள் இருந்து பழகும் இடம் அது. அப்படியே விட்டுக் கீழே உட்கூரை போடுவதே நல்லது.

மழைச் சத்தத்தை நிற்பாட்ட எடை வேண்டும். 6 மி.மீ. சீமெந்து நார்ப்பலகை உட்கூரை நல்ல வேலை செய்யும், ஆனால் சதுர மீற்றருக்கு 9 கிலோ என்று பார்த்தால் உங்கள் 260 சதுர மீற்றருக்கு 2.3 தொன். இரும்புச் சட்டகத்தை ஒரு பொறியியலாளர் பார்க்காமல் அதைத் தொங்கவிடக் கூடாது, கடற்காற்றில் அதன் பொருத்துகள் எவ்வளவு துருப்பிடித்திருக்கும் என்று கீழே நின்று தெரியாது. காசு இல்லாவிட்டால் காலத்தை மாற்றுங்கோ. எங்கள் பக்கத்தில் ஒக்ரோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடைமழை. அந்த மாதங்களில் கூத்து, மேளம், பாட்டுப் போடலாம். மெதுவாகப் பேசும் நாடகத்தைப் பெப்ரவரிக்குப் பிறகு வையுங்கோ. தகரம் போட்ட முனை வீதிப்பக்கம் என்கிறீர்கள், நல்லது. அந்தப் பக்கம் முன்வாசலாக இருக்கட்டும். மெல்லிய தகரம் அஸ்பெஸ்டஸைவிட அதிகம் அதிரும், அதன் கீழே ஆடுகளத்தை வைக்க வேண்டாம்.

அடுத்தது எதிரொலி. நடுவில் நின்று ஒருதரம் கைதட்டிப் பாருங்கோ. ‘ணிங்’ என்று இழுத்தால் இரண்டு வெறுஞ்சுவரும் ஒன்றுக்கொன்று எறிகின்றன. உங்கள் மண்டபத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 1,400 கன மீற்றர். பேச்சுக்கு ஒலி அடங்கும் நேரம் 1 வினாடி அளவில் இருக்க வேண்டும். 0.161 ஐக் கொள்ளளவால் பெருக்கி நேரத்தால் பிரித்தால், 225 சதுர மீற்றர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பு வேண்டும் என்று வரும். நூறு பேர் 40 தருவார்கள், பின்னும் பக்கமும் தொங்கும் கனத்த பருத்தித் திரை 30, மரத்தளமும் மற்றச் சாமானும் 30. மிச்சத்தை 2 அங்குல றொக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறைப் பஞ்சு) தர வேண்டும். கூரையின் பாதிக்கு, 130 சதுர மீற்றர் அளவு, போட்டால் நூறுக்கு மேல் வரும், கணக்குக் கிட்டத்தட்டச் சரி. பார்வையாளர் தலைக்கு மேலேயும் அவர்களுக்குப் பின்னாலுள்ள சுவரிலும் போடுங்கோ, ஆடுகளத்துக்கு மேலே வேண்டாம். அங்கே போட்டால் நடிகரின் குரல் முன்னுக்கு வராமல் விழுந்துவிடும்.

றொக்வூலை மூடும் துணியும் திரையும் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு மலிவான முறை: 10 லீற்றர் வெந்நீரில் 700 கிராம் வெண்காரமும் 300 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, துணியை முழுக்க நனைத்து, முறுக்காமல் காயவிடுங்கோ. பருத்திக்கும் சாக்குக்கும் வேலை செய்யும், பொலியெஸ்டருக்குச் செய்யாது. தோய்த்தால் போய்விடும், திரும்ப நனைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒரு கீற்றை வெட்டி வெளியே கொண்டுபோய் 12 வினாடி தீயில் பிடியுங்கோ. தீயை எடுத்ததும் இரண்டு வினாடிக்குள் அணைய வேண்டும். அணையாத துணியைத் தொங்கவிடாதீர்கள்.

மைக்: 100 பேர் மண்டபத்துக்கு நடிகருக்கு மைக் தேவையில்லை. மேடை விளிம்பு மைக் கூத்துக்குக் கேடு, சதங்கையும் மிதியும்தான் அதில் விழும், பாட்டு விழாது. மைக் இல்லாமல் கேட்கவில்லை என்றால் மண்டபத்தைத் திருத்த வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, படத்துக்கும் பின்னிசைக்கும், 8 அடி உயரத்தில் கடைசி வரிசையைப் பார்த்து. ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைந்தால் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆக்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், மைக் பிடித்தவருக்கு அடிக்கும். லப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் தனிமைப்படுத்தும் பெட்டி ஒன்று போட்டால் இரைச்சல் போய்விடும்.

உப்புக் காற்று பிளக்கைத் தின்னும். எக்ஸ்.எல்.ஆர் மைக் வயர்களை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கோ. மத்தளமும் அப்படித்தான், வாடைக்காலத்தில் தோல் தளரும். நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துச் சுருதி பாருங்கோ. அவசரத்தில் நெருப்பில் காட்டினால் தோல் வெடிக்கும்.

சதங்கை:

ஆடுகளத்தை நிலத்தில் விடுவது சரி, ஆனால் வெறும் சீமெந்தில் ஆட்டம் பழக்காதீர்கள். பரதத்தின் தட்டடவும் வடமோடியின் மிதியும் சீமெந்தில் முழுக்க முழங்காலுக்கும் கணைக்காலின் முன்னெலும்புக்கும் திரும்பி வரும். வளரும் பிள்ளைகளுக்கு அது நாளடைவில் நோவாக நிற்கும்.

தரையில் முதலில் கனத்த பொலித்தீன் விரியுங்கோ, கீழிருந்து ஈரம் ஏறும். அதன் மேல் 10 மி.மீ. இறப்பர்த் துண்டுகளில் 2 × 2 அங்குலச் சட்டம், 16 அங்குலத்துக்கு ஒன்று, கறையான் மருந்து பூசியது. மேலே 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் மூட்டும் மேல் அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது, வந்தால் அந்தக் கோட்டில் தளம் மடியும். 30 × 24 அடிக்கு அடுக்குக்கு 23 பலகை, மொத்தம் 46. சுவர் இருக்கும் பக்கத்தில் அரை அங்குலம் இடைவெளி விடுங்கோ, மழைக்காலத்தில் பலகை ஊதும். ஆணி வேண்டாம், துருவேறாத திருகாணி போட்டுத் தலையைப் பலகைக்குள் அமிழ்த்துங்கோ. சாதாரணத் திருகாணி உப்பில் துருப்பிடித்துத் தலை கழன்று வெறுங்காலைக் கிழிக்கும். மேலே மங்கிய கறுப்பு நிறம். பளபளக்கும் பெயின்ற் வழுக்கும், லைற்றையும் கண்ணுக்கு எறியும். விளிம்பு 4 அங்குலம் வரை உயரும், அங்கே ஒருவர் தடக்குவார். முன்விளிம்பில் வெள்ளை நாடா ஒட்டி, ஒரு பக்கத்தில் 4 அடி நீளச் சாய்வு வைத்தால் சக்கர நாற்காலியும் ஏறும்.

மனையாவெளி_மன்றம்:

இவ்வளவு விபரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மேசனிடம் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இரண்டு கேள்வி மிச்சம். பாடசாலைகளும் முன்பள்ளிகளும் பரிசளிப்புக்கு வாடகைக்கு எடுத்தால்தான் மாதச் செலவு ஓடும், அவர்கள் உயர்ந்த மேடை கேட்பார்கள். மற்றது அனுமதி, வாடகைப் பத்திரம், இந்த விஷயங்கள்.

களரிக்கட்டு:

பரிசளிப்புக்கு 2 அடித் தளம் நாலையும் முன்னுக்குக் கொண்டுவந்து இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 16 × 8 அடி மேடை. பிரதம விருந்தினர் மேசைக்கும் பரிசு வாங்க வரும் பிள்ளைகளுக்கும் அது காணும். 1 அடித் தளம் ஒன்று படியாக நிற்கும். கால்களைப் பக்கத்துக் காலோடு போல்ற்றால் இணைத்த பிறகே ஆக்களை ஏற்றுங்கோ. சும்மா ஒட்டி வைத்தால் நடுவில் இடைவெளி திறந்து குதியுயர்ந்த செருப்பு மாட்டும்.

சங்கக்கணக்கு:

பத்திரத்தில் தொடங்குங்கோ. இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும், 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. வெள்ளைத் தாளில் கையொப்பம் வைத்துக் கூரைக்கும் தளத்துக்கும் காசு கொட்டிய பிறகு, உரிமையாளர் மாறினால் உங்களிடம் சொல்ல ஒன்றுமிருக்காது. எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கோ. பத்திரத்துக்குள் மூன்று விஷயம் வர வேண்டும்: மன்றம் பூட்டிய தளம், குழாய், லைற், திரை ஆகியவை மன்றத்தின் சொத்து, கழற்றிக்கொண்டு போகலாம், கூரை ஒழுகினால் திருத்துவது யார், இரவு நிகழ்ச்சிக்கு உரிமையாளர் சம்மதம்.

கட்டடத்தை ஸ்டோரில் இருந்து ஆக்கள் கூடும் இடமாக மாற்றுவதற்கு உங்கள் எல்லைக்குரிய உள்ளூராட்சிச் சபையின் அனுமதி வேண்டும். அங்கே முதலில் கேட்பது வெளியேறும் வழி. இப்போது உங்களிடம் உருட்டுக் கதவும் ஒரு சின்னக் கதவும்தான். உருட்டுக் கதவு கரண்ட் போனாலோ நெரிந்தாலோ திறக்காது, அதை அவசர வழியாக எண்ணக் கூடாது. நிகழ்ச்சி முடியும்வரை அதை முழுக்கத் தூக்கிப் பூட்டி, உள்ளே திரை போட்டு இருட்டாக்குங்கோ. ஆடுகளத்துக்குப் பக்கத்துச் சுவரில் 4 அடிக் கதவு ஒன்று புதிதாக எடுங்கோ, வெளியே திறக்க வேண்டும், உள்ளிருந்து திறப்பு இல்லாமல் தள்ளித் திறக்க வேண்டும். இரண்டுக்கும் மேலே பற்றரியில் எரியும் அவசர விளக்கு. மின் பலகைக்குப் பக்கத்தில் 2 கிலோ காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான், அங்கே தண்ணீர் வைக்காதீர்கள்.

நாடகப் பிரதிக்கு 1912ஆம் ஆண்டின் பொது நிகழ்ச்சிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் முன்அனுமதி எடுக்க வேண்டும். தட்டச்சிட்ட இறுதிப் பிரதியை அனுப்புங்கோ, ஒத்திகையில் வசனம் மாறிக்கொண்டிருக்கும்போது அனுப்பினால் திரும்ப அனுப்ப வேண்டிவரும். கொழும்புக்குப் போய் வரும் வேலை, கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். ரிக்கற் விற்றால் களியாட்ட வரி உள்ளூராட்சிச் சபைக்குச் செலுத்தி, அச்சடித்த ரிக்கற்றில் முத்திரை வாங்க வேண்டும். ரிக்கற் அச்சடிக்க முன்பே வீதம் என்னவென்று கேட்டு விலையை வையுங்கோ, பிறகு கேட்டால் வரி மன்றத்தின் பையில் இருந்து போகும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தேவை. 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை வழமையாக அனுமதி வழங்கக் கூடாது என்று கட்டளையிட்டது. விடியும்வரை கூத்து வைக்கும் எண்ணம் இருந்தால் ஒலிபெருக்கி இல்லாமல் வையுங்கோ, அயலவரிடமும் முன்பே கதையுங்கோ. சாதாரண நாளில் மாலை 5.30க்குத் தொடங்கி 7.30க்கு முடிப்பது நல்லது. நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் பஸ் பிடித்துப் போகலாம். சனிக்கிழமை பகல் ரியூசன், ஞாயிறு காலை அறநெறி. சாதாரண தர, உயர்தரப் பரீட்சை வாரங்களில் ஒன்றும் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் மாலை நிகழ்ச்சி வைத்தால் முஸ்லிம் சகோதரர்கள் வரவே முடியாது, பெருநாளுக்குப் பிறகு தள்ளுங்கோ. மூன்று சமூகமும் வாழும் ஊரில் ஒரு பகுதியினர் தொடர்ந்து வரமுடியாத நாட்களில் நிகழ்ச்சி வைத்தால், அது அவர்களின் அரங்கு இல்லை என்று ஆகிவிடும்.

படத்துக்கு: கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்க்கத்தான். பொதுவில் காட்ட உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நாடகப் பிரதியும் அப்படித்தான், 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. உள்ளூர் எழுத்தாளர் என்றால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கோ, ஒரு தொகையும் கொடுங்கோ.

வாடகையில் ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரே விலை வைக்காதீர்கள். நிகழ்ச்சி நாளுக்கு முழு வாடகை, ஒத்திகைக்குக் கரண்ட் செலவும் கூட்டிப் பெருக்கும் கூலியும் மட்டும். ஒத்திகைக்கு இடமில்லாத ஊரில் புது நாடகம் வராது, புது நாடகம் வராவிட்டால் உங்கள் அரங்குக்குப் பரிசளிப்பு மட்டும்தான் வரும். வருட நாட்காட்டியில் மன்றத்தின் சொந்த நிகழ்ச்சி நாட்களை முதலில் அடைத்துவிட்டு மிச்சத்தை வாடகைக்குத் திறவுங்கோ. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம், லைற்றுக்கும் வயருக்கும் ஒரு இடாப்பு. வெளியே கொடுக்கும் ஒவ்வொரு வயரும் அதில் ஏற வேண்டும்.

மனையாவெளி_மன்றம்:

எல்லாவற்றையும் இந்த வருடமே செய்யக் காசு காணாது. எதை முதல் செய்யலாம்?

ஒளிப்பெட்டி:

நொத்தாரிசுப் பத்திரம், புதுப் பக்கக் கதவு, ஒப்பனை அறைக் கதவு. அடுத்தது மின் பலகையும் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும். பிறகு ஆடுகளத் தளம், அதையும் ஒக்ரோபருக்கு முன் முடியுங்கோ, ஈரமான பலகையைத் திருகினால் வெயிலில் சுருங்கி மூட்டு விரியும். லைற்றை எட்டில் தொடங்கலாம், நடு இரண்டு பகுதிக்கும் நாலு, பின்னால் நாலு. ஆனால் குழாயையும் வயரையும் பதினாறுக்கே இப்போது போட்டுவிடுங்கோ. உயர்ந்த இருக்கைத் தளம் முதல் வருடம் எட்டுப் போதும், 1 அடியும் 2 அடியும். அந்த எட்டோடு வட்டக்களரியும் வைக்கலாம், பரிசளிப்பும் வைக்கலாம். உட்கூரை கடைசி.

உப்புவெளி_ஒலி:

ஒரு திருத்தம் மட்டும். உட்கூரை கடைசி என்றாலும் பார்வையாளருக்குப் பின்னாலுள்ள சுவருக்கு றொக்வூலும் இரண்டு பக்கத் திரையும் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே வேண்டும். குரல் தெளிவில்லாமல் முதல் நாளே மைக் கேட்டுவிட்டார்கள் என்றால் பிறகு எந்தக் குழுவும் மைக் இல்லாமல் ஆட ஒப்புக்கொள்ளாது. திரையைச் சுவரில் ஒட்டித் தொங்கவிடாமல் 6 அங்குலம் தள்ளி, அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி எடுத்து மடிப்போடு போடுங்கோ, அதே துணி இரண்டு மடங்கு வேலை செய்யும்.